ஒரு சீட்டுக்கு ஒரு வரி

என் அக்கா அமெரிக்காவில் சீட்டு நடத்துகிறாள் என்று எங்கள் மாடி வீட்டு மாமி கொஞ்ச காலம் நம்பிக்கொண்டிருந்தாள். தப்பு அவள் மேல் இல்லை. மந்தைவெளியில் நாங்கள் குடியிருந்த கட்டிடத்தில் எந்தப் பேச்சும் மாடிப்படி வழியாக மேலே ஏறிவிடும். "அக்கா இன்னிக்கு ரெண்டு சீட்டு போட்டா", "அக்காவோட நல்ல சீட்டெல்லாம் போயிடுத்து" என்று நான் கீழே கத்திக்கொண்டிருந்தால் யார்தான் என்ன நினைப்பார்கள்? ஒருநாள் மாமி காய்கறிப் பையோடு இறங்கி வந்து அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, "டாலர்லதான் கட்டணுமா, நம்மூர்ப் பணத்துலேயும் சேத்துப்பாளா?" என்று கேட்டாள்.

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள்.

என் வயதுக்காரர்களான உங்களுக்கு அந்தக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் கடைசி. பட்டப்படிப்பு முடித்துவிட்டு ஜாதகத்தோடு காத்திருக்கும் பெண்களையெல்லாம் கம்ப்யூட்டர் கிளாசுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அக்காவும் போனாள். தி.நகரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் அந்த கிளாஸ். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கீழே கடையில் குடத்தைத் தட்டிப் பார்க்கிற சத்தம் ஏசியையும் மீறிக் கேட்கும். சனிக்கிழமைகளில் அக்கா என்னையும் கூட்டிப்போவாள். எனக்குப் பன்னிரண்டு வயது, அவளுக்கு இருபத்திரண்டு. அங்கே கூடப் படித்த ஒருத்திதான் அந்த ஆட்டத்தை அவளுக்குக் காட்டிக்கொடுத்தாள்.

வெளிநாட்டில் கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து நடத்திய தளம் அது. பெயர் பதிந்துகொண்டால் முப்பது சீட்டு தருவார்கள். காகிதத்தில் இல்லை, திரையில்தான். ஒவ்வொன்றிலும் ஒரு பிராணியோ பூதமோ இருக்கும். அதன் பலத்துக்கு ஓர் எண், அது செய்யக்கூடிய ஒரு வித்தை. நீர், நிலம், ஆகாயம் என்று மூன்று வரிசை. மாற்றி மாற்றி ஆளுக்கொரு சீட்டை இறக்க வேண்டும். இரண்டு வரிசையைப் பிடித்தவருக்கு ஜெயம். பிடிக்காத சீட்டை வேறு யாரிடமாவது கொடுத்துப் பிடித்ததை வாங்கிக்கொள்ளலாம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நான் இன்று ஒன்று போட்டால் எதிராளி நாளைக்குப் போடலாம். போடும்போது பக்கத்தில் இருக்கிற பெட்டியில் ஏதாவது எழுதியும் அனுப்பலாம்.

ஒரு சீட்டின் படம் திறக்கிற அழகு இன்னும் எனக்குக் கண்ணில் இருக்கிறது. மேலிருந்து கீழாக, கோடு கோடாக வரும். முதலில் வெறும் மேகம். அப்புறம் கொம்பு. அப்புறம் கண். காலும் வாலும் வருவதற்குள் கிளாஸ் முடிந்துவிடும். அந்தப் பிராணி நடக்குமா நீந்துமா என்று அடுத்த சனிக்கிழமை வரை யோசித்துக்கொண்டே இருப்பேன்.

அக்காவின் செல்லச் சீட்டு கிழட்டு ஆமை. பலம் ரொம்பக் குறைவு. ஆனால் ஒரு முறை உட்கார்ந்துவிட்டால் புயல் வந்தாலும் அதை அந்த இடத்திலிருந்து நகர்த்த முடியாது. என் மின்னல் குதிரை அதன் மேல் மோதி மோதியே தேய்ந்துபோகும். "எங்க ஆமையை என்னடி பண்ண முடியும் உன்னால?" என்று அக்கா நாற்காலியிலேயே குதிப்பாள். கிளாஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரிப்பாள்.

அந்தத் தளத்துக்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. விதிகளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். முகப்பில் சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு வரும். நேற்று வரை ஆகாயத்தில் பறந்த கழுகு இன்றிலிருந்து மழைச்சீட்டு இருந்தால் பறக்காது. அக்கா அந்த அறிவிப்பை வக்கீல் மாதிரி வரிவரியாகப் படிப்பாள், எனக்குத் தமிழில் சொல்வாள், பிறகு திரையைப் பார்த்துத் திட்டுவாள். "இவாளை யார் கேட்டா? ஆட்டம் நடந்துண்டிருக்கும்போது ரூலை மாத்துவாளா?"

இப்படி ஆடிக்கொண்டிருந்த சமயத்தில்தான் அவளுக்கு வரன் அமைந்தது.

பார்த்து முடித்தவர் தி.நகர் பெரியப்பா, அப்பாவின் அண்ணா. எங்கள் குடும்பத்தில் எதை முடிப்பதானாலும் அவர்தான். கணீரென்ற குரல். எதிரே இருப்பவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடித்து வைப்பது பெரியப்பாவாகத்தான் இருக்கும். மாப்பிள்ளைக்கு மூன்று வாரம்தான் லீவு. பெண் பார்க்க வந்த அன்று பெரியப்பா பேசினார், மாப்பிள்ளையின் அப்பா பேசினார், மாப்பிள்ளை தலையை மட்டும் ஆட்டினார். அக்காவும் அவரும் உள்ளறையில் கொஞ்ச நேரம் தனியாகப் பேசினார்கள். வெளியே வந்தவளிடம், "என்னடி சொன்னார்?" என்று அம்மா கேட்டாள்.

"நிதானமா, யோசிச்சுப் பேசறார்மா. எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் அக்கா.

கல்யாணம் முடிந்து, விசா வந்து, அக்கா கிளம்பினாள். அம்மா பெட்டியில் பொடிகளும் அப்பளமும் ஊறுகாயும் அடைத்தது போதாதென்று மூன்று பை தனியாவும் திணித்தாள். சாம்பார்ப் பொடியை அங்கேயே புதிதாக அரைத்துக்கொள்ளட்டும் என்று. அப்பா, அக்கா காலேஜுக்குக் கட்டிக்கொண்டு போன பழைய வாட்ச்சில் அமெரிக்க நேரத்தைத் திருப்பி வைத்து, ஹாலில் காலண்டருக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டினார். விமான நிலையத்தில் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு காதில் சொன்னது ஒன்றுதான்: "ஆட்டத்தை விட்டுடாதே."

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவளுடைய போன் வரும். எல்லோரும் வரிசையில் நிற்போம். "சாப்பிட்டியா? குளிர்றதா? ஸ்வெட்டர் போட்டுக்கறியா?" என்று அம்மா கேட்பாள். நாம் பேசியது நமக்கே திரும்பிக் கேட்கும், அதற்குப் பின்னால் அக்காவின் குரல், "நன்னா இருக்கேம்மா" என்று. கடைசியில் அத்திம்பேர், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், வாங்குவார். "நமஸ்காரம். சௌக்கியம். குடுக்கறேன்." அவ்வளவுதான். ஒரு வாரம்கூட நாலாவது வார்த்தை வந்ததில்லை.

"அமெரிக்காவுல இருக்கோம்கற மிதப்பு" என்பாள் அம்மா, போனை வைத்ததும். அப்பா சாப்பிட எழுந்துவிடுவார்.

எனக்கு அக்கா கிடைத்தது போனில் இல்லை, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த பிரவுசிங் சென்டரில். அதுவரை எஸ்.டி.டி. பூத்தாக இருந்த கடை அது. கண்ணாடிக் கூண்டை எடுத்துவிட்டு நாலு கம்ப்யூட்டர் வைத்திருந்தார் கடைக்கார அண்ணன். நொச்சிக்குப்பத்துக்காரர், அப்பா தம்பியெல்லாம் கடலுக்குப் போகிறவர்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பிளைவுட் தடுப்பும் துணித்திரையும் உண்டு. ஆனால் நான் உட்கார்கிற இடத்துக்கு மட்டும் திரையைக் கழற்றிவிட்டார். "பாப்பா வர்ற எடம். தொறந்தே இருக்கட்டும்" என்று அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் அப்பா என்னைத் தனியாக அனுப்பவே சம்மதித்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்து, தோசையைத் தின்றுவிட்டு ஓடுவேன். அரை மணி நேரம், அதற்கு மேல் கூடாது.

"இன்னா பாப்பா, அக்கா லைன்ல கீதா?" என்பார் அண்ணன், மோடத்தைத் தலையில் தட்டியபடியே. அது கரகரத்து, கீச்சிட்டு, ஒரு வழியாக இணைப்புக் கொடுக்கும்.

அக்கா இருப்பாள். எப்போது போனாலும் இருப்பாள். நான் குதிரையை இறக்கினால் அடுத்த நிமிஷமே ஆமையை இறக்குவாள். பெட்டியில் பேச்சும் ஓடும். தமிழ் எழுத்து அந்தத் திரையில் வராது என்பதால் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்வோம். பாதி ஊகம்தான். ஒருநாள் அவள் அடித்தாள்: "இங்க ரொம்ப தனியா இருக்குடி."

நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், அங்கே தனியா நிறைய இருக்காம் என்று.

அம்மாவுக்கு ஒரே பெருமை. "நான்தான் சொன்னேனே, மூணு பை வெச்சா ரொம்ப நாளைக்கு வரும்னு. இன்னும் எவ்வளவு இருக்குன்னு கேளு. அடுத்த தடவை யாராவது போனா மிளகா மட்டும் குடுத்து விடறேன்."

மறுநாள் கேட்டேன். "எத்தனை கிலோ இருக்குன்னு அம்மா கேக்கறா."

அண்ணன் லைன் போய்விட்டதோ என்று மோடத்தைப் பார்த்தார். பிறகு ஒரு வரி முழுக்க ஹஹஹஹ என்று வந்தது. அதன் கீழே, "லூசு. அந்தத் தனியா இல்லைடி. நான்தான் தனியா இருக்கேன்." அதற்கும் கீழே, "அம்மாகிட்ட சொல்லாதே. தனியாவே இருக்குன்னு நெனச்சுக்கட்டும்."

சொல்லவில்லை. பன்னிரண்டு வயதில் அது எனக்குச் சிரிப்புச் சமாசாரம். அவள் வேலைக்குப் போக விசா இடம் கொடுக்கவில்லை, கார் ஓட்டத் தெரியாது, நடந்து போனால் தெருவில் ஒரு மனிதர் கிடையாது, அத்திம்பேர் ஆபீஸுக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார் என்பதெல்லாம் துண்டு துண்டாக அந்தப் பெட்டியில் வந்ததுதான். எனக்கோ ஆட்டம் நன்றாக நடந்தால் போதும்.

அந்த மாதம் சிவப்பு எழுத்தில் இரண்டு விதி வந்தது. ஒன்று, இனிமேல் பேரலைச் சீட்டு வந்தால் ஆமையும் நகரும். இரண்டு, மூன்று நாள் சேர்ந்தாற்போல் ஆடாமல் இருந்தால் அவருடைய சீட்டுகள் பொதுக்குவியலுக்குப் போய்விடும். வழக்கம்போல் அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. "ஆமைக்காவது ஓர் எடம்னு இருந்தது" என்று மட்டும் எழுதினாள்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது அப்பா. சாயங்காலம் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் நான் அன்றைய ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் போட்ட உடனே அவளும் போட்டாள், இப்படிப் போட்டாள், அப்படிப் போட்டாள் என்று. அப்பா சாதத்தில் மோர் விட்டவர் அப்படியே எழுந்து, ஆணியில் தொங்கிய வாட்ச்சைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"நீ ஆடினது ஸ்கூல் விட்டு வந்தா?"

"ஆமாம்ப்பா. தினமும் அப்போதானே."

"அப்போ அங்கே ஊரே தூங்கற நேரம்" என்றார். "இவ ஏன் முழிச்சிண்டிருக்கா?"

அம்மாவின் முகம் மாறியது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சு இல்லை. பெண்ணைத் தூங்கவிடாமல் என்னமோ நடக்கிறது, அந்த மனுஷன் வாயைத் திறக்காததற்கும் இதுதான் காரணம் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். பொறுத்துப் பார்க்கலாம் என்றார் அப்பா.

அதற்கப்புறம் ஒருநாள் அக்காவின் ஆட்டம் விசித்திரமாக இருந்தது. ஆமையைக் கொண்டுபோய் ஆகாய வரிசையில் வைத்திருந்தாள். அது செல்லாத இடம். அடுத்த முறை மீனை நிலத்தில் வைத்தாள்.

"இன்னா பாப்பா, அக்கா தூக்கத்துல ஆடுதா?" என்றார் அண்ணன், என் பின்னால் நின்று எட்டிப் பார்த்தபடி.

நான் அடித்தேன்: "நீ யாரு?"

பதில் வந்தது. "அத்திம்பேர்."

அவர் எழுதிக்கொண்டே போனார். அக்காவுக்கு ஜுரம், ஃப்ளூ, டாக்டரிடம் போய் வந்தாயிற்று, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஜுரத்திலும் எழுந்து உட்கார்ந்து, மூன்று நாளாகிவிடும், சீட்டெல்லாம் போய்விடும் என்று அழுகிறாள். நான் ஆடுகிறேன் நீ படு என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். விதிகள் எல்லாவற்றையும் இரண்டு தரம் படித்தாராம். ஆகாயத்தில் ஆமை ஏன் கூடாது என்று மட்டும் புரியவில்லையாம். ஜுரம் என்பதை அம்மா அப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம், அவ்வளவு தூரத்திலிருந்து கவலைப்படத்தான் முடியும் என்றார்.

போனில் மூன்று வார்த்தைக்கு மேல் பேசாதவர் திரையை நிரப்பிவிட்டார். நான் வாயைப் பிளந்துகொண்டு படித்தேன்.

ஆமை பறக்காது என்பதால்தான் கூடாது என்று பதில் போட்டேன். "சரி. நியாயம்தான்" என்றார்.

அக்காவுக்கு உடம்பு தேறிய பிறகும் அவர் ஆட்டத்தை விடவில்லை. காலையில் ஆபீஸுக்குக் கிளம்புமுன் அவர் ஒன்று போட்டுவிட்டுப் போவார். அதை நான் மறுநாள் பார்ப்பேன். மோசமாக ஆடுவார். ஆனால் ஒவ்வொரு சீட்டோடும் ஒரு கேள்வி இருக்கும். "உங்க அக்காவுக்கு என்னதான் பிடிக்கும்? கேட்டா எதுவானாலும் சரின்னு சொல்லிடறா."

எதுவானாலும் சரியா? என் அக்காவா? எனக்குச் சிரிப்பாக வந்தது. தெரிந்ததையெல்லாம் அவருக்கு எழுதினேன். ஜன்னல் பக்கத்தில்தான் உட்காருவாள். பாடத்தைச் சத்தம் போட்டுத்தான் படிப்பாள். பெசன்ட் நகர் கடற்கரையில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவின மாங்காய்த் துண்டு என்றால் உயிர். வாரத்துக்கு ஒரு முறையாவது கூட்டமாக இருக்கிற இடத்துக்குப் போய் வராவிட்டால் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் அக்கா அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இவர் திடீர்னு பச்சை ஆப்பிளை நறுக்கி, மிளகாப்பொடி தூவிண்டு வந்து நிக்கறார்மா. நானும் சாப்பிட்டேன்."

அவள் சிரித்தது அம்மாவின் காதில் விழவே இல்லை. போனை வைத்துவிட்டு, "அரைப் பட்டினி போடறார் போலிருக்கு. ஆப்பிளும் மிளகாப்பொடியுமா சாப்பிடறா என் பொண்ணு?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே தி.நகர் பெரியப்பாவுக்குத் தகவல் போனது.

இதற்கு நடுவில் சிவப்பு எழுத்தில் இன்னொரு விதி. ஆட்டத்தை விட்டுவிட்டுப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், கம்ப்யூட்டர் திணறுகிறது என்று, ஒரு சீட்டு இறக்கினால்தான் ஒரு வரி எழுதலாம் என்று ஆக்கிவிட்டார்கள். ஆட்டம் முடிந்தால் எழுதியதெல்லாம் அழிந்துவிடும். நானும் அத்திம்பேரும் சுருக்கமாகப் பேசப் பழகிக்கொண்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா சாப்பிட வந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் போன் வந்தது. அம்மா பேசினாள், அப்பா பேசினார், அத்திம்பேரிடம் குடு என்று சொல்லிவிட்டு ரிசீவரைப் பெரியப்பா வாங்கிக்கொண்டார்.

"நமஸ்காரம். சௌக்கியம்" என்று அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும்.

"நமஸ்காரம் இருக்கட்டும் மாப்ளே. எங்க பொண்ணு ராத்திரியெல்லாம் முழிச்சிண்டிருக்காளாமே, ஏன்? அவளுக்குச் சாப்பாடு கீப்பாடெல்லாம் சரியா நடக்கறதா, இல்லையா?"

பதில் இல்லை. பெரியப்பா ரிசீவரை எங்கள் பக்கம் காட்டினார். வெறும் இரைச்சல். "கேக்கறதா? ஹலோ! என்ன மாப்ளே, பதிலைக் காணோம்?" இரைச்சல்தான். கடைசியில் லைனே அறுந்துவிட்டது.

"பாத்தியா?" என்று அப்பாவிடம் திரும்பினார் பெரியப்பா. "நியாயம் இருக்கறவன்னா சொல்லியிருப்பான். வாயடைச்சுப் போயிட்டான் பாரு. நான் பாத்த வரன். நானே முடிக்கறேன். டிக்கெட் போட்டு அவளைக் கூட்டிண்டு வந்துடுவோம்."

அம்மா அழ ஆரம்பித்தாள். ஜுரத்தைப் பற்றிச் சொல்ல மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். தனியாவைப் பற்றிச் சொல்ல மாட்டேன் என்று அக்காவுக்கு. இரண்டையும் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் நிற்பது?

"அத்திம்பேர் போன்ல பேசமாட்டார் பெரியப்பா" என்றேன். "டைப் அடிச்சா நன்னாப் பேசுவார். என்கிட்ட தினம் பேசறார்."

மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியாது.

பத்து நிமிஷத்தில் எல்லோரும் தெருவில் இருந்தோம். முன்னால் பெரியப்பா, பின்னால் அப்பா, ஞாயிற்றுக்கிழமைக் கறிகாய் மணக்கிற புடவையோடு அம்மா. கடைக்கார அண்ணன் எங்களைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார். "இன்னா பாப்பா, குடும்பமே வந்துகினுகீது?" என்றவர், அம்மாவின் கண்ணைப் பார்த்ததும் மேலே கேட்கவில்லை. பின்னாலிருந்து இரண்டு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

இணைப்புக் கிடைத்தது. அத்திம்பேர் இருந்தார். நான் வந்து உட்காருவேன் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

"கேளு அவனை" என்றார் பெரியப்பா.

"சும்மா கேக்க முடியாது பெரியப்பா. ஒரு சீட்டு போட்டாத்தான் ஒரு வரி."

"எந்தச் சீட்டு?"

"ஆட்டச் சீட்டு. ரூல் மாத்திட்டா."

"எவன் மாத்தினான்? சரி, ஏதாவது ஒண்ணைப் போடு."

கையில் ஐந்து சீட்டு இருந்தது. நல்ல ஆட்டம், ஜெயிக்கிற நிலைமை. ஒரு நரியை வீணாக இறக்கிவிட்டு, பெரியப்பாவின் கேள்வியை அடித்தேன்: எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள், ஏன் அக்கா ராத்திரி தூங்குவதில்லை?

பதில் வந்தது. வாய்விட்டுப் படித்தேன். "பகல்ல பேச ஆளில்லாம படுத்துடறா, அதனால ராத்திரி தூக்கம் வரலை, நான் முன்னாடியே கவனிச்சிருக்கணும்."

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "அப்போ ஆப்பிள்? அதைக் கேளு."

அதற்குக் கழுகு போயிற்று. "கடற்கரை மாங்காய்னு உங்க சின்னப் பொண்ணு சொன்னா, இங்கே மாங்காய் கிடைக்கலை, புளிப்புக்கு அதுதான் இருந்தது."

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியப்பா அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தார். அதற்குள் அப்பா முன்னால் குனிந்தார். கடைக்கு வந்த பிறகு அவர் பேசியது அப்போதுதான். "போன்ல ஏன் அவர் பதில் சொல்லலைன்னு கேளும்மா. கோவமா கேக்காதே. மெதுவாக் கேளு."

மெதுவாக எப்படி அடிப்பது என்று தெரியவில்லை. மின்னல் குதிரையை இறக்கிவிட்டுக் கேட்டேன். அந்தப் பக்கம் நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை. அண்ணன் மோடத்தைத் தொடப் போனார், அப்பா கையமர்த்தினார்.

"எனக்குத் திக்கும். நேர்ல சமாளிச்சுடுவேன், போன்ல ஒரு வார்த்தை கூட வராது, அந்த மூணும் தினம் சொல்லிப் பாத்துண்டு வர வார்த்தைகள்."

பெண் பார்த்தது முதல் தாலி கட்டியது வரை அந்த மனிதரை ஒரு வாக்கியம் பேசவிட்டிருக்கிறோமா என்று எல்லோரும் யோசித்திருக்க வேண்டும். பெரியப்பா அங்கவஸ்திரத்தை எடுத்து, வியர்க்காத முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஸ்டூலிலிருந்து எழுந்து வாசல் பக்கம் போய் நின்றார்.

"இது அவ காதுக்குப் போக வேண்டாம்" என்றார், தெருவைப் பார்த்தபடியே. "நாம வந்தது, கேட்டது, எதுவும். தெரிஞ்சா அந்தப் பொண்ணு நம்ம மூஞ்சியிலேயே முழிக்க மாட்டா."

கையில் கிழட்டு ஆமையும் ஒரு சின்ன மீனும் மிச்சம் இருந்தன. ஆமை, அக்கா தன்னிடம் இருந்த இரண்டில் ஒன்றை ஊருக்குப் போகும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அம்மா, "நான் ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள். எதை அழுத்த வேண்டும் என்று காட்டினேன். கொதிக்கிற பால் பாத்திரத்தைத் தொடுவதுபோல ஒற்றை விரலால் தொட்டு, மீனை நிலத்தில் போட்டாள். அது செத்துப்போகிற இடம். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அவ இப்போ என்ன பண்றா மாப்ளே?" அம்மா கேட்கிறாள் என்று சேர்த்தே அடித்தேன்.

"தூங்கறா மாமி. போனை வெச்ச உடனே படுத்தா. எழுந்துடுவாளோன்னு விளக்குகூடப் போடாம அடிச்சிண்டிருக்கேன்."

அம்மா தலைப்பை எடுத்தாள், ஆனால் அழவில்லை. "சரி, எழுப்ப வேண்டாம். நீங்களும் படுத்துக்கோங்கோன்னு போடுடி" என்றாள். ஆமையை நீரில் வைத்து அதையும் அனுப்பினேன். சீட்டு தீர்ந்தது. மூன்று வரிசையும் அவருக்கு. அந்த ஆட்டத்தில் அவர் ஜெயித்தது அதுதான் முதல் தடவை.

"குடும்பத்தோட வந்து தோத்துட்டீங்களேம்மா" என்றார் கடைக்கார அண்ணன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தத் தளம் அடுத்த வருஷத்தோடு நின்றுபோயிற்று. சீட்டுகள் எல்லாம் போய்விட்டன, ஒரு படம்கூட என்னிடம் இல்லை. அதற்குள் அத்திம்பேர் அக்காவைக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வைத்து, பக்கத்திலிருந்த கல்லூரி ஒன்றில் மாலை வகுப்புக்குச் சேர்த்துவிட்டிருந்தார். நான் பிரவுசிங் சென்டருக்குப் போகும் நேரத்தில் அவள் இருப்பதே இல்லை. முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அப்பாதான் ஆணியில் தொங்கிய வாட்ச்சைக் காட்டி, "தூங்கறா, நல்லதுதானே?" என்றார்.

அவர்கள் முதல் தடவையாக ஊருக்கு வந்தது நான் பத்தாவது படிக்கும்போது. மீனம்பாக்கத்துக்கு எல்லோரும் போயிருந்தோம். தள்ளுவண்டியில் பெட்டிகளோடு முதலில் அக்கா ஓடி வந்தாள், பின்னால் அத்திம்பேர். அம்மாவைக் கும்பிட்டார், அப்பாவைக் கும்பிட்டார். பெரியப்பா எதிரில் வந்து நின்றதும், "பெ... பெரி... நீ..." என்று அவருக்கு வார்த்தை மாட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. சுற்றிலும் டாக்சிக்காரர்களின் கூச்சல். யாருக்காக இருந்தாலும் அந்த வாக்கியத்தை இந்நேரம் முடித்து வைத்திருப்பவர் பெரியப்பா. அன்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாதவர்போல நின்றார். "நீங்க சௌக்கியமா?" என்று அது முழுசாக வந்து முடிகிற வரைக்கும் நின்றார். அப்புறம்தான், "பரம சௌக்கியம் மாப்ளே" என்றார், தாழ்ந்த குரலில்.

காரில் ஏறியதும் அக்கா என் பக்கம் சாய்ந்து கவலையோடு கேட்டாள்: "ஏண்டி, பெரியப்பாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? பேசவே மாட்டேங்கறாரே?"